கண்டதும் கண்டதையும்

கிளைபெடா துறைமுகத்தில் நவம்பர்
நாலு மணிக்கே விளக்கைப் போடச் சொல்கிறது.
எதிரே ஏழு தானியக் கோபுரங்கள்.
கொள்கலன் பெட்டியை அறுத்துச் செய்த அலுவலகத்தில்
ஒரே ஒரு வாக்கியத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்,
மூன்றாம் வாரமாக.

கருவியின் பெயர்: இடரைப்_பதி.
நிரல் ஜில்வினாஸ் எழுதியது,
பதினோரு வரி, குறையில்லை.
எப்போது அதைக் கையில் எடுக்கலாம் என்று
முகவருக்குச் சொல்வது மட்டும் என் வேலை.
முகவருக்கு முகம் இல்லை.
கை உண்டு,
நான் எழுதிய தூரம்வரை நீளும்.

பத்து வருடம் மனிதர்களுக்குக் கையேடு எழுதினேன்.
காபிக் கோப்பைக்கு அடியில்
வட்டக் கறையோடு கிடந்தன என் பக்கங்கள்.
இப்போது வாய்த்திருக்கும் வாசகர்
காற்புள்ளியைக்கூடத் தவறவிடுவதில்லை.
இப்படி ஒருவருக்காகத்தான் ஏங்கினேனா?
தெரியவில்லை.
கொஞ்சம் பயமாக இருக்கிறது.

முதல் வரைவு:
'கவலை தரும் எதையும் பதிக.'
அன்றிரவு மட்டும் நாலாயிரத்துச் சொச்சம்.
வாயிற்கம்பியில் துரு.
கடற்காக்கைகள்.
உணவகத்து ரொட்டிக் கத்தி.
கணக்காளர் டைவாவின் விடுப்பு விண்ணப்பத்தில்
'சொந்தக் காரணம்' என்ற இரண்டு சொல்.
கண்டதைப் பதியச் சொல்ல நினைத்தேன்,
கண்டதையும் பதிந்து வைத்திருந்தது.
ஓர் உம்மை.
பாதுகாப்பு மேலாளர் விடியும்வரை தூங்கவில்லை.

இரண்டாம் வரைவு:
'அளந்தறிந்த சான்று இருந்தால் மட்டும்.'
பதிவேடு வாயை மூடிக்கொண்டது.
ஒன்பது நாள் வெள்ளைப் பக்கம்.
கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பத்தாம் நாள் இரவுப்பணிக் குறிப்பில்
ரிம்விதாஸ் கைபேசியில் தட்டியிருந்தார்:
'ஏழாம் கோபுரத்துப் பட்டை முனகுகிறது.
வயிறு வலித்தால் என் நாய் முனகுமே, அப்படி.'
முகவர் அதைப் படித்தது.
படித்த நேரம் இருக்கிறது: 02:14.
முனகலுக்கு அலகு இல்லை.
தாண்டிப் போய்விட்டது.
என் சொல்லைத் தட்டாத பிள்ளை,
அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

சூடேறிய தாங்குருளையை
கையுறை பொசுங்கக் கண்டுபிடித்து
அவரேதான் பட்டையை நிறுத்தினார்.
உள்ளே கோதுமைத் தூசு மூடுபனியாய் நின்றதாம்.
அதற்கு ஒரு பொறி போதும்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்கவில்லை என்பதை
எந்தப் புலத்தில் நிரப்புவது?

மூன்றாம் வரைவு, இன்று:
'அந்த இடத்தில் வேலை செய்பவர்
ஓசை, வாடை, நடுக்கம் என்று எது சொன்னாலும் சான்றே.
அவர் சொன்ன சொல்லிலேயே பதிக.
திருத்த வேண்டாம்.
நாயை நீக்க வேண்டாம்.'

ஆவணத்தில் நாயா, என்று சிரித்தான் ஜில்வினாஸ்.
இருக்கட்டும் என்றேன்.
அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

சோதனை ஓட்டம்.
பச்சை. பச்சை. மறுபடி பச்சை.
நள்ளிரவை ஒட்டி
பதிவேட்டில் புதிதாக ஒன்று:

இடர்: கருவி விளக்கங்கள் அனைத்தும் ஒரே நபர் கையில்.
சான்று: பத்தொன்பது இரவுகளாக ஒரே பெயரில் திருத்தம்;
நேற்றைய திருத்தக் குறிப்பில் அவர் சொல்: 'கண் எரிகிறது.'
உடையவர்: ஸ்கிர்மாந்தே.
தணிப்பு:

உடையவர் என்ற இடத்தில்
என் பெயரை நான் இதுவரை பார்த்ததில்லை.
வாடகை வீடு, வங்கிக் கடனில் கார்,
உடையது என்று சொல்ல இது ஒன்று.

தணிப்பு கட்டாயப் புலம்.
வெறுமையாக விட்டால் மூடாது,
நான்தான் அப்படி எழுதி வைத்தேன்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
'வீட்டுக்குப் போகிறேன்' என்று தட்டினேன்.

ஏற்றுக்கொண்டது.
அலகு கேட்கவில்லை.
காலை எட்டுக்கு மறுபார்வை என்று
குறித்து மட்டும் வைத்துக்கொண்டது.